மேடையில் நான் கேட்ட என் கதை: மனநல ஆலோசகர்களைக் கேள்வி கேட்க ஓர் இடம் வேண்டும்

சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சுக்கும், ஆலோசகர்கள், உளவியலாளர்கள் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும், மனநல நிகழ்ச்சிகள் நடத்தும் நம் தமிழ் அமைப்புகளுக்கும்,

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை 4 மணி இருக்கும். ஒரு சமூக மன்றத்தில் மனநலம் பற்றித் தமிழில் உரை. அறுபது, எழுபது பேர் உட்கார்ந்திருந்தோம். நானும் என் மகளும் மூன்றாவது வரிசை. மேடையில் பேசியவர் என் ஆலோசகர். அதற்குள் ஐந்து முறை அவரிடம் போயிருந்தேன். நமக்குத் தெரிந்தவர் பேசுகிறாரே, மகளும் கேட்கட்டும் என்றுதான் அவளை அழைத்துக்கொண்டு போனேன்.

துக்கம் ஒருவரை எப்படிப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று விளக்க வந்தவர், "நம்மகிட்ட வர்ற ஒரு அம்மா" என்று ஆரம்பித்தார். அந்த அம்மா வடக்கே குடியிருக்கிறாராம். கணவர் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவராம். தவறி இரண்டு வருடம் ஆகிறதாம். ஒவ்வொரு நாளும் இரவு 9 மணிக்கு அவருடைய பழைய கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பாராம், அது நின்றுவிடக் கூடாதென்று. "வாட்ச் ஓடுச்சுன்னா மனுஷன் இருக்கார்னு ஒரு நெனப்பு, பாருங்க" என்றார். பின்னால் சிலர் உச்சுக் கொட்டினார்கள். யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

என் மகள் மெல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

சாமி அலமாரியில் அப்பா படத்துக்குக் கீழே அந்த வாட்ச் இருப்பது அவளுக்குத் தெரியும். அது ஏன் ஒரு நாளும் நிற்பதில்லை என்பது தெரியாது. அவளிடம் நான் சொன்னதில்லை. என் அக்காவிடமும் சொன்னதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு 140 வெள்ளி கொடுத்து, ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன்.

அன்று இரவு 9 மணிக்கு என்னால் அந்த வாட்ச்சைத் தொட முடியவில்லை. மறுநாள் ட்யூஷன் பிள்ளைகள் வரும் நேரத்தில் பார்த்தேன், முட்கள் பதினொன்றே காலில் நின்றிருந்தன. இன்றைக்கும் அங்கேயேதான் நிற்கின்றன.

இதை ஒரு தனிமனிதர் மேல் உள்ள கோபத்தில் எழுதவில்லை. அதனால்தான் அவர் பெயரையோ இடத்தையோ இங்கே சொல்லவில்லை. அவர் செய்தது தவறு என்று எனக்குப் புரிந்த பிறகு, அந்தத் தவறைக் கேட்டே ஆகவேண்டிய பொறுப்புள்ள இடம் ஒன்றுகூட இந்த ஊரில் எனக்குக் கிடைக்கவில்லை. எவ்வளவு நுணுக்கமாகச் சட்டம் போடும் நாடு இது! அந்த வேதனையில் எழுதுகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

என் கணவர் 2022இல் மாரடைப்பில் தவறினார். காலையில் காப்பி குடித்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. முதல் வருடம் காரியம், திவசம், சிபிஎஃப் (மத்திய சேமநிதி) படிவங்கள் என்று ஓடிவிட்டது. இரண்டாம் வருடத்தில்தான் உடம்பு பேச ஆரம்பித்தது. விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வரும், நெஞ்சு படபடக்கும். பிள்ளைகளுக்குத் திருக்குறள் நடத்திக்கொண்டிருக்கும்போதே குரல் அடைத்துவிடும். பலதுறை மருந்தகத்து டாக்டர் பொறுமையாகக் கேட்டார், மனச்சோர்வு என்றார், மாத்திரை எழுதிக் கொடுத்தார். "யாரிடமாவது உட்கார்ந்து பேசுங்கள், மாத்திரை மட்டும் போதாது" என்றும் சொன்னார். இங்கே நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை அதுதான்.

தமிழில் பேச வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆங்கிலம் எனக்குத் தெரியும். ஆனாலும் "மனசு பாரமா இருக்கு" என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் அது என் வாயிலிருந்து வேறு யாருடைய வார்த்தை போலவோ வந்து விழுகிறது. ஒரு மாணவனின் அம்மா இந்த ஆலோசகரின் எண்ணைக் கொடுத்தார். போனேன். சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். எந்தச் சான்றிதழ் எத்தனை நாள் படிப்புக்கு, யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. டாக்டர் அறைக்குள் போய் யாராவது பட்டத்தைப் பற்றி விசாரிப்பார்களா? பத்து முறைக்கு மொத்தமாக 1,400 வெள்ளி முன்பணம் என்றார். கட்டினேன்.

முதல் நாளே என்னை "அக்கா" என்றார். அந்த ஒரு சொல்லில் பாதி பாரம் இறங்கிற்று. அக்கா என்று அழைப்பதில் தவறு ஒன்றும் இல்லை, நம்மவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். ஆனால் இரண்டாவது தடவை போனபோது, "அக்கா, எம் பையன் தமிழ்ல ரொம்ப வீக். நீங்க கொஞ்சம் பாத்துக்கக் கூடாதா?" என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. என்னைப் படுத்த படுக்கையான நோயாளியாகப் பார்க்காமல் ஆசிரியையாகப் பார்க்கிறாரே என்று நினைத்தேன். சனிக்கிழமைதோறும் பையன் வந்தான். கட்டணத்தைக் குறைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து என்னென்ன மாறியது என்பதைப் பிற்பாடுதான் யோசித்துப் பார்த்தேன். அவர் ஒன்றைச் சொல்லி அது எனக்கு ஒப்பவில்லை என்றால், வாயைத் திறக்க முடியவில்லை. சனிக்கிழமை அவர் பையன் என் வீட்டு மேசையில் உட்கார்ந்திருப்பான். அவர் மனைவி வாசலில் நின்று, "எப்படி இருக்கீங்க, நல்லாத் தூங்குறீங்களா?" என்று விசாரிப்பார். எனக்குத் தூக்கம் வராதது அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆலோசகர்களின் நெறிமுறைகள் பலவற்றில் இது இருக்கிறது என்று இப்போது தெரிந்துகொண்டேன்: தன்னிடம் உதவிக்கு வருபவரோடு வேறொரு கொடுக்கல் வாங்கல் உறவு வைத்துக்கொள்வதைத் தவிர்க்க வேண்டும். வியாபாரம், வேலை, நட்பு, காதல், எதுவாக இருந்தாலும். உதவி கேட்டு வந்தவர் தாழ்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவரால் "முடியாது" என்று சொல்ல முடியாது. நான் சொல்லவில்லையே.

அடுத்தது மாத்திரை. நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, "இந்த இங்கிலீஷ் மருந்தெல்லாம் மூளைய மழுக்கிடும்க்கா, விட்டுடுங்க. நாம பேசியே சரி பண்ணிடலாம்" என்றார். ஆலோசகருக்கு மருந்து எழுதவும் உரிமை இல்லை, நிறுத்தச் சொல்லவும் உரிமை இல்லை. அது எனக்கு அன்று தெரியாது. அவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஒரே நாளில் நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலை சுற்றியது. கழுத்தைத் திருப்பினால் மண்டைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல் ஒரு சுரீர். இரவெல்லாம் விழித்திருந்தேன். ஒரு நாள் அதிகாலை 2 மணிக்கு, இனி இருந்து என்ன என்கிற எண்ணம் வந்தபோது, பயந்துபோய் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767க்கு அழைத்தேன். மறுமுனையில் பேசியவர் யாரென்று தெரியாது. நாற்பது நிமிடம் என்னோடு இருந்தார். அவருக்கு என் நன்றி. பிறகு பலதுறை மருந்தகத்து டாக்டர் விளக்கினார்: இந்த வகை மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும், விடுவதாக இருந்தால் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் விட வேண்டும்.

இதற்குப் பிறகும் நான் அவரிடம் போனேன். ஏன் போனாய் என்று மகள் கேட்டாள். நீங்களும் கேட்கலாம். நமக்கு உதவுகிற ஒருவர் தவறாகச் சொல்லியிருக்க மாட்டார், நம் உடம்புதான் சரியில்லை என்று நினைத்தேன். மனம் தளர்ந்திருக்கிறவர் முதலில் சந்தேகப்படுவது தன்னைத்தான்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை.

அடுத்த சந்திப்பில் நேரடியாகவே கேட்டேன். வீட்டில் நாலு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். "நான் உங்ககிட்ட சொன்னத நீங்க மேடையில சொல்லிட்டீங்க. என் மக பக்கத்துல இருந்தா." அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "பேர் சொல்லலியேக்கா" என்றார். "வாட்ச்சைச் சொன்னீங்களே" என்றேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு கையில் இருந்த நோட்டைத் திறந்து எதையோ எழுதிக்கொண்டே, மிகவும் கனிவான குரலில், "பாத்தீங்களா, இதான் நான் சொல்றது. யாரையும் நம்ப முடியல. இது உங்க நோயோட ஓர் அறிகுறி. இதப் பத்தித்தான் நாம இன்னும் வேலை செய்யணும்" என்றார்.

என்னைக் காயப்படுத்தியதை நான் எடுத்துச் சொன்னேன். அதையே அவர் என் நோயாக எழுதிக்கொண்டார். மேடையில் பேசியதைக்கூட ஒருவேளை மறந்திருப்பேன், இதை மறக்க முடியாது. நான் எதைச் சொன்னாலும் அது என் நோயின் பேச்சாகிவிடும் என்றால், நான் எந்த வாயால் முறையிடுவது? அந்தக் கனிவான குரல் இன்னும் காதில் இருக்கிறது.

மீதி நாலு தடவைக்கான பணத்தைக் கேட்டேன். முன்பணம் திருப்பித் தரப்படாது என்று ரசீதின் அடியில் அச்சடித்திருக்கிறது என்றார். பார்த்தேன், அச்சடித்திருந்தது.

அதன் பிறகு கதவு கதவாகத் தட்டினேன். ஒரு சங்கத்துக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது: அவர் எங்கள் உறுப்பினர் இல்லை, ஆகையால் எங்களால் விசாரிக்க இயலாது. இன்னொரு சங்கமும் அதையே சொன்னது. அவர்கள்மேல் குறை சொல்ல மாட்டேன். உறுப்பினர் அல்லாதவரை விசாரிக்க அவர்களுக்கு ஏது அதிகாரம்? வேறோர் அலுவலகத்தில், பணத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று வழி சொன்னார்கள். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாமாம். வாங்கிய குளிர்சாதனப் பெட்டி பழுது என்றாலும் அதே மன்றம்தான். என் 560 வெள்ளிக்கு அங்கே கணக்கு இருக்கிறது. வாட்ச்சுக்கு அங்கே படிவம் இல்லை.

சுகாதார அமைச்சிடம் இப்போது நேராகக் கேட்கிறேன்.

மனநல மருத்துவர் தவறு செய்தால் சிங்கப்பூர் மருத்துவ மன்றம் இருக்கிறது. அவர் மருத்துவர், பதிவு இல்லாமல் தொழில் செய்ய முடியாது. 2011இல் வந்த ஒரு சட்டத்தின் கீழ் பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சுச் சிகிச்சையாளர் எல்லாரும் பதிவுசெய்துகொள்ள வேண்டும். சீன மருத்துவர்களுக்கு 2000ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. முழங்காலைப் பிடித்துவிடுகிறவரையும் நாக்குக் குழறலைத் திருத்துகிறவரையும் ஊசி குத்துகிறவரையும் நீங்கள் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறீர்கள். மனத்தைத் திறந்து பார்க்கிறவரை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? இந்த மடலை எழுதும் இன்று, ஆலோசகர், கவுன்சலர், தெரபிஸ்ட் என்று பலகை மாட்டிக்கொண்டு காசு வாங்க, சட்டப்படி ஒரு பதிவும் கட்டாயம் இல்லை. சங்கங்கள் பதிவேடு வைத்திருக்கின்றன. விரும்பியவர் சேரலாம், விரும்பாதவர் இருக்கலாம். சேர்ந்தவர் தவறு செய்து நீக்கப்பட்டாலும் மறுநாள் அதே பலகையோடு அதே கடையைத் திறக்கலாம்.

கணவர் போன பிறகு வீட்டை விற்கலாமா என்று ஒரு யோசனை இருந்தது. வீட்டு முகவர் ஒருவர் வந்தார். அவர் நீட்டிய அட்டையில் பதிவெண் இருந்தது. மகள் சோபாவில் உட்கார்ந்தபடியே கைபேசியில் அந்த எண்ணைத் தட்டினாள், அவர் படமும் பதிவு விவரமும் வந்தன. முகவர்களைக் கண்காணிக்கும் மன்றம் 2010இல் அமைந்தது என்று அவரே பெருமையாகச் சொன்னார். நான்கு சுவரை விற்றுத் தர வந்தவரை அரை நிமிடத்தில் சரிபார்த்தோம். என் உயிரைக் கையில் வைத்திருந்தவரைச் சரிபார்க்க எனக்கு எந்த இணையப் பக்கமும் இல்லை.

உளவியலாளர்களைச் சட்டப்படி பதிவுசெய்வது பற்றி நாடாளுமன்றத்தில் பேசப்பட்டிருக்கிறது. மனதார வரவேற்கிறேன். ஆனால் என்னைப் பார்த்தவர் தம்மை உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. உளவியலாளர் என்ற பெயருக்கு மட்டும் வேலி போட்டால், அவர் வேலிக்கு வெளியே அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நம் சமூகத்தில் பெரும்பாலானோர் போவது உளவியலாளரிடம் அல்ல, "கவுன்சலிங் பண்றவர்" என்று யாரோ சொல்லி அனுப்புகிறவரிடம். பெயருக்கு வேலி போடுங்கள், செய்யும் வேலைக்கும் சேர்த்துப் போடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்களைப் பேசச் சொன்னவர்கள் நீங்கள். 2016இல் நடந்த மனநல ஆய்வில், வாழ்நாளில் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலக் கோளாறு வந்திருக்கிறது என்றும், அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் எந்த உதவியும் நாடவில்லை என்றும் தெரிந்தது. 2023 அக்டோபரில் தேசிய மனநல உத்தி வெளியானது. 2025இல் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் வந்தது. எல்லாம் நல்ல காரியம். என் அம்மா காலத்தில் "உட்பிரிட்ஜுக்கு அனுப்பிடுவேன்" என்பது பிள்ளைகளை மிரட்டுகிற பேச்சு. 1951இலிருந்து அந்தப் பெயரோடு இருந்த மருத்துவமனை 1993இல் புவாங்கோக்குக்கு மாறி மனநலக் கழகம் ஆன பிறகும், அந்தப் பயம் எங்கள் வீடுகளில் இருபது வருடம் தங்கியிருந்தது. அதை மெல்ல மெல்லக் கரைத்து எங்களைக் கதவுவரை கூட்டி வந்திருக்கிறீர்கள். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் யார் என்று பார்க்க வேண்டியதும் உங்கள் கடமை. என் மகள் அன்று வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "இனிமே எனக்கு என்ன ஆனாலும் நான் யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன்மா." அவளுக்கு வயது 24.

நல்ல ஆலோசகர் எப்படி இருப்பார் என்பதும் எனக்கு இப்போது தெரியும். அதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இதைப் படிப்பவர் எல்லாரும் என் மகளைப்போல் முடிவெடுத்துவிடுவார்கள். டாக்டர் என்னை ஒரு குடும்ப சேவை நிலையத்துக்கு அனுப்பினார். அங்கே ஒரு சீனப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. முதல் நாள் நான் வாயைத் திறக்கும் முன்பே ஒரு தாளை என் முன் வைத்து வரி வரியாகப் படித்துக் காட்டினார். நீங்கள் சொல்வது இந்த அறைக்குள் இருக்கும். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், அல்லது சட்டம் கேட்டால், வெளியே சொல்ல வேண்டி வரும். என் வேலையை மூத்த ஆலோசகர் ஒருவர் மேற்பார்வை பார்க்கிறார், உங்களைப் பற்றி அவரிடம் பேசுவேன். எப்போது வேண்டுமானாலும் நீங்கள் நிறுத்திக்கொள்ளலாம். என்மேல் குறை இருந்தால் இந்த மேலாளரிடம் சொல்லலாம், இதோ அவர் எண். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு பிரதியை என்னிடமே கொடுத்தார்.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். முன்னவரிடம் இதில் ஒரு வரிகூட இருக்கவில்லை.

மூன்றாவது தடவையோ என்னவோ, அந்தப் பெண்ணின் ஒரு கேள்வி என்னைக் குத்திவிட்டது. வாட்ச்சைப் பற்றித்தான். எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. சங்கடமான கேள்வி கேட்பதனாலேயே ஒருவர் மோசமான ஆலோசகர் ஆகிவிட மாட்டார், புண்ணைத் தொடாமல் கட்டுப் போட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் வலித்தது என்று சொன்னேன். அவர் உடனே, "நான் அவசரப்பட்டுவிட்டேன். சொன்னதற்கு நன்றி. நீங்கள் தயாரானபோது பேசலாம்" என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். என் மொழி தெரியாத ஒரு பெண் என் பேச்சைக் கேட்டார். என் மொழி பேசியவர் கேட்கவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் நான் தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள். "வலிக்குது" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு என்ன பதில் வருகிறது என்பதில் ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

தமிழ் அமைப்புகளுக்கு ஒரு வார்த்தை. இந்த நாட்டில் இந்தியர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர். அதில் தமிழர் பாதிக்குச் சற்று மேல். தமிழில் ஆலோசனை சொல்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர் போகும் கோயிலுக்குத்தான் நானும் போகிறேன். என் ட்யூஷன் பெற்றோர்கள் அவருக்கு நண்பர்கள். நான் முறையிடப் போகிறேன் என்று தெரிந்ததும், வேண்டியவர் ஒருவர் வந்து, "நம்ம ஆளு, தமிழ்ல செய்யறதுக்கே இவரு ஒருத்தர்தான் இருக்காரு, பேரக் கெடுத்துடாதீங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் ஆள் குறைவு என்பதற்காகத் தவறை மூடிவைத்தால், இருக்கிற நல்ல ஆலோசகர்களின் பேரும் சேர்ந்து கெடும். வேறு கதவு இல்லாத இடத்தில் இருக்கிற ஒரே கதவு சரியாக இருக்க வேண்டாமா? அன்று மேடைக்கு அழைத்தவர்களிடம் பிறகு பேசினேன். அவர் நன்றாகப் பேசுவார் என்பதால் அழைத்தோம் என்றார்கள். என்ன படித்தார், எந்தச் சங்கத்தில் இருக்கிறார், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

நான் கேட்பது இவைதான்.

சுகாதார அமைச்சு, காசு வாங்கிக்கொண்டோ வாங்காமலோ மனநல ஆலோசனை வழங்கும் ஒவ்வொருவரையும், எந்தப் பெயரில் வழங்கினாலும், ஒரே பதிவேட்டில் சட்டப்படி கொண்டுவர வேண்டும். அதில் அவருடைய படிப்பு, பயிற்சி நேரம், எந்த மொழிகளில் ஆலோசனை தருகிறார், அவர்மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கை ஆகியவை இருக்க வேண்டும். வீட்டு முகவரைத் தேடியதுபோல் என் மகள் கைபேசியில் தேடிப் பார்க்க முடிய வேண்டும், நான்கு மொழிகளிலும். அந்தச் சட்டம் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே செய்யக்கூடிய ஒன்று: உங்கள் மானியம் பெறும் இடங்களும் உங்கள் பட்டியலில் உள்ள இடங்களும், முதல் சந்திப்பிலேயே அந்தச் சீனப் பெண் எனக்குக் கொடுத்த தாளைப் போல ஒன்றை, வருபவரின் மொழியில், கட்டாயம் கொடுக்கச் செய்யுங்கள். தமிழில் எழுத ஆள் வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன், பணம் வேண்டாம்.

முறையீட்டுக்கு ஒரே ஓர் இடம் வேண்டும். உறுப்பினரா இல்லையா என்று என்னிடம் கேட்காத இடம். அங்கே தமிழில் கேட்டு எழுதிக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டும், அவர் நம் வட்டத்துக்குள் உள்ளவராக இருக்கக் கூடாது. முறையிடுபவரின் பெயர் வெளியே போகாது என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். மனநோய் உள்ளவர் என்பதற்காக ஒருவரின் முறையீட்டின் எடை குறையாது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

சங்கங்களுக்கு: முறையீடு வந்து தவறு உறுதியானால் முடிவை வெளியிடுங்கள். உறுப்பினர் அல்லாதவர்மேல் வரும் முறையீடுகளையும் திருப்பி அனுப்பிவிடாமல் எண்ணிக்கையாவது வைத்து அமைச்சிடம் கொடுங்கள். என்னைப்போல் எத்தனை பேருக்கு அதே இரண்டு வரிப் பதில் போயிருக்கிறது என்று யாருக்காவது தெரிய வேண்டும். பத்துத் தடவைக்கு முன்பணம் வாங்கித் திருப்பித் தர மறுப்பதை உங்கள் நெறிமுறையில் தவறு என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

தமிழ் அமைப்புகளுக்கும் சமூக மன்றங்களில் நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கும்: மேடை ஏற்றும் முன் பேச்சாளரின் தகுதியைக் கேளுங்கள். தம்மிடம் வந்தவர்களின் கதையை, பெயர் சொல்லாவிட்டாலும், அவர்களின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கு எந்தச் சட்டமும் வரத் தேவையில்லை. அடுத்த நிகழ்ச்சியிலிருந்தே செய்யலாம்.

மூன்று மாதத்துக்குள் உங்களிடமிருந்து பதிலை எதிர்பார்க்கிறேன். பணம் கட்டிய ரசீது, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், சங்கங்களிடமிருந்து வந்த பதில்கள், அன்றைய நிகழ்ச்சியின் அழைப்பிதழ் எல்லாம் தேதிவாரியாக ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். எந்த அலுவலகத்துக்கு, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்லுங்கள். கொண்டு வருகிறேன். மகளும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
யீஷூனில் வசிக்கும் ஒரு தமிழ் ட்யூஷன் ஆசிரியை